வரம் என்ன என்று முதலில் கேளுங்கள்: அறிவியல் புனைகதை எபிசோடுக்கு விமர்சனம் எழுதப் புதிதாக வருகிறவர்களுக்கு

போன மாதம் அக்கா மகள் ஒரு விமர்சனம் எழுதி எடுத்துக்கொண்டு வந்தாள். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு, தமிழில் எழுத ரொம்ப ஆசை, ஆனால் ஓ நிலைத் தேர்வோடு தமிழில் ஒரு பக்கம் எழுதுவதும் நின்றுபோய்விட்டது. எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கிற காப்பிக் கடையில் ஆளுக்கொரு தே தாரிக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து படித்தோம். நானூறு சொல் இருக்கும். முதல் வரியில் விண்கலம் ஏதோ ஒரு வேலையாகப் போய்க்கொண்டிருக்கிறது, கடைசிக்கு முந்தைய வரியில் மறுபடி கிளம்பிப் போகிறது, நடுவில் நடந்ததெல்லாம் வரிசை மாறாமல் இருக்கிறது. "நடிப்பு அருமை, அனைவரும் பார்க்க வேண்டிய எபிசோடு" என்று முடித்திருந்தாள்.

"பார்க்கும்போது உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"அழுதுட்டேன், மாமா."

"எந்த இடத்தில?"

"அவங்க சாகப்போற நேரத்தில சப்பாத்த எடுத்து வைக்கச் சொல்வாங்களே, அங்க."

நானூறு சொல்லில் அந்தச் சப்பாத்து எங்கேயும் இல்லை. அதை விமர்சனத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அவள் எடுத்துக்கொண்டது 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் ஐந்தாம் சீசனில் வந்த 'தி இன்னர் லைட்'. 1992 ஜூனில் ஒளிபரப்பானது, 1993இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது வாங்கியது. கீழே அதன் முடிவையும் சேர்த்தே பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் முக்கால் மணி நேரம் ஒதுக்கி அதைப் பார்த்துவிட்டு வாருங்கள், கட்டுரை எங்கேயும் போய்விடாது.

எந்த எபிசோடை எடுப்பது

தனியாக நிற்கிற எபிசோடாக எடுங்கள். இன்றைக்கு வருகிற தொடர்களில் பாதி, பத்து மணி நேரப் படத்தைப் பத்தாக வெட்டி வைத்தது போல இருக்கின்றன. அதில் ஆறாவது துண்டை எடுத்துக்கொண்டு புதிதாக எழுதுகிறவர் திண்டாட வேண்டாம், முன்கதை சொல்லியே பாதி இடம் போய்விடும். 1959இல் தொடங்கிய 'தி ட்வைலைட் ஸோன்' இதற்கு நல்ல பள்ளிக்கூடம், பெரும்பாலான எபிசோடுகள் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் தொடர்பே கிடையாது. 'டாக்டர் ஹூ' தொடரில் 2007இல் வந்த 'பிளிங்க்' இன்னொரு நல்ல தேர்வு, அதில் தொடரின் நாயகனான டாக்டரே கொஞ்ச நேரம்தான் வருவார் என்பதால் அந்தத் தொடரைப் பற்றி எதுவும் தெரியாதவரும் உட்கார்ந்து பார்க்கலாம்.

பத்து தடவை பார்த்து மனப்பாடமான எபிசோடு முதல் விமர்சனத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து. எது புதிது, எது பழக்கத்தால் பிடித்தது என்று உங்களுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாமல் போகும்.

இரண்டு முறை பாருங்கள்

முதல் முறை பேனா வேண்டாம், கைப்பேசி வேண்டாம், விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா பாருங்கள். ஈசூனிலிருந்து ராபிள்ஸ் பிளேஸ் போவதற்குள் ஒரு எபிசோடு முடிந்துவிடும் என்று பலர் எம்ஆர்டியில் பார்க்கிறார்கள். இரண்டாம் முறை வேண்டுமானால் அப்படிப் பார்க்கலாம். முதல் முறை நின்றுகொண்டு, அறிவிப்பைக் கேட்டுக்கொண்டு, ஆள் இறங்க வழிவிட்டுக்கொண்டு பார்த்தால் அமைதியான காட்சிகளைத்தான் முதலில் தவறவிடுவோம், ஒரு எபிசோடின் உயிர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. முடிந்தவுடன் ஒரே ஒரு வரி எழுதிவையுங்கள்: எந்த இடத்தில் உங்களுக்கு ஏதோ ஒன்று ஆனது? சிரித்தீர்களா, எரிச்சலா, தொண்டை அடைத்ததா, சலித்துப்போய் மணி பார்த்தீர்களா? சலித்ததும் கணக்குதான், அதையும் எழுதுங்கள்.

இரண்டாம் முறை நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். நிமிடத்தைப் போட்டு, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் மட்டும் குறியுங்கள். 'அழகான காட்சி' என்று குறித்தால் ஒரு வாரம் கழித்து அந்தக் குறிப்பு எதற்கும் உதவாது. 'அவள் கழுத்தில் ஒரு பதக்கம், கலத்தின் வடிவத்திலேயே இருக்கிறது' என்று குறித்தால் அதிலிருந்து ஒரு பத்தி வரும். உண்மையிலேயே அந்த எபிசோடில் இது இருக்கிறது. விண்கலத்தின் கேப்டன் பிக்கார்டை ஓர் ஆய்வுக்கலம் தாக்கி மயங்க வைக்கிறது, அந்தக் கலத்தின் வடிவம் தன் மனைவி என்று சொல்கிற பெண்ணின் கழுத்துப் பதக்கத்தில் இருப்பதை அவர் சீக்கிரமே பார்த்துவிடுகிறார். முதல் தடவை நமக்கு அது ஒரு துப்பு, இவர்கள் ஏதோ சதி செய்கிறார்கள் என்றுதான் தோன்றும். முடிவு தெரிந்த பிறகு பார்த்தால் அதே பதக்கம் வேறு மாதிரி இருக்கிறது. அந்த மாற்றத்தை எழுதுவதற்குத்தான் இரண்டாம் முறை.

வரத்தை எழுதிக்கொள்ளுங்கள்

இதுதான் முக்கியமான படி, கொஞ்சம் நேரம் எடுத்தே சொல்கிறேன்.

இரணியன் கதை நம்மில் யாருக்கும் புதிதில்லை. பகலிலும் சாகக் கூடாது, இரவிலும் சாகக் கூடாது, வீட்டுக்குள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது, மனிதனாலும் மிருகத்தாலும் கூடாது என்று வரம் வாங்கி வைத்துக்கொள்கிறான். கதை அந்த வரத்தை ரத்து செய்வதில்லை. அந்தி நேரத்தில், வாசற்படியில், மடியில் கிடத்தி, மனிதனும் மிருகமும் இல்லாத நரசிம்மமாக வந்து, ஒவ்வொரு நிபந்தனையையும் மதித்துத்தான் அவனை முடிக்கிறது. பாட்டி சொல்லும்போது நாம் வாயைப் பிளந்து கேட்டது அந்தக் கணக்கு நேரானதால்தான். "சரி, வரம் இனிமேல் செல்லாது" என்று மேலேயிருந்து ஓர் அறிவிப்பு வந்து அவன் செத்திருந்தால் யார் அதை இரண்டாம் தடவை கேட்பார்கள்?

அறிவியல் புனைகதையும் நடக்காத ஒன்றை முதலில் நம்மிடம் வரமாகக் கேட்கிறது. காலத்தில் பின்னால் போகலாம், இயந்திரத்துக்கு மனம் உண்டு, ஒளியைவிட வேகமாகப் பறக்கலாம். நாமும் கொடுத்துவிடுகிறோம். கொடுத்த பிறகு, அந்த வரத்தின் நிபந்தனைக்குள் நின்று கதை விளையாடியதா, இல்லை பாதியில் புது நிபந்தனை சேர்த்துத் தப்பித்ததா என்று பார்ப்பதுதான் விமர்சிக்கிறவர் வேலை. 'அறிவியல்படி இது சாத்தியமே இல்லை' என்று இரண்டு பத்தி எழுதுவது பெரும்பாலும் வீண், இரணியனுக்கு அப்படியொரு வரம் எப்படிக் கிடைக்கும் என்று சண்டை போடுவது போலத்தான் அது.

'பிளிங்க்' எபிசோடின் வரத்தை ஒரே வரியில் எழுதலாம்: கல் தேவதைகள், யாராவது பார்த்துக்கொண்டிருக்கும் வரை கல்தான், கண்ணை மூடினால் நகர்ந்துவிடும். அவ்வளவுதான். முடிவை இங்கே சொல்லமாட்டேன், ஆனால் தீர்வு அந்த ஒரு வரிக்குள்ளிருந்தே வருகிறது, வெளியிலிருந்து ஒரு ஆயுதமும் வந்து காப்பாற்றவில்லை. அதனால்தான் முடிந்ததும் நமக்கு நிறைவாக இருக்கிறது, ஏன் நிறைவாக இருந்தது என்று எழுதுவதற்கும் உங்களுக்கு ஒரு பிடி கிடைத்துவிடுகிறது.

'தி இன்னர் லைட்' வரம் இது: ஆய்வுக்கலம் பாய்ச்சுகிற கதிரில் மயங்கி விழுகிறவர், வெளியே இருபத்தைந்து நிமிடம் போவதற்குள் உள்ளே ஒரு முழு ஆயுளை வாழ்ந்துவிடுவார். வரத்தை எழுதியதும் அடுத்துக் கேட்க வேண்டியது, இதற்கு விலை கொடுப்பது யார்? விண்கலத்தின் கேப்டன் பிக்கார்ட். தொடரின் 1987ஆம் ஆண்டு முதல் எபிசோடிலேயே, குழந்தைகளோடு எனக்கு ஒத்துவராது என்று சொன்ன மனிதர். அவருக்குத்தான் ரெசிக் என்கிற ஊரில் காமின் என்ற பெயரும், எலீன் என்ற மனைவியும், ஒரு மகளும் ஒரு மகனும், கடைசியில் ஒரு பேரனும் கிடைக்கிறார்கள். வேறொரு கதாபாத்திரத்துக்கு இதே வரம் வாய்த்திருந்தால் இதில் பாதி வலிகூட இருந்திருக்காது. புதிதாகப் படிக்கிறவருக்கு 'ஸ்டார் ட்ரெக்' உலகம் பற்றி நீங்கள் சொல்ல வேண்டியது இந்த ஒரு தகவல்தான், கப்பலின் வேகம், பகை இனங்களின் பெயர் எதுவும் வேண்டாம்.

கதைச்சுருக்கம், நாலு வரி

நாலு வரிக்கு மேல் போகாதீர்கள். அக்கா மகள் மூன்று தடவை வெட்டிய பிறகு வந்தது இது:

"விண்வெளியில் மிதந்துகொண்டிருந்த ஓர் ஆய்வுக்கலம் கேப்டன் பிக்கார்டை மயங்கி விழ வைக்கிறது. கண் விழித்தால் வறட்சி பிடித்த ஒரு கிராமம், நீங்கள்தான் காமின் என்று சொல்கிறாள் அவருடைய மனைவி என்கிற பெண். ஐந்து வருடம் நட்சத்திரத்தைப் பார்த்துத் தன் கப்பலைத் தேடுகிறார், அப்புறம் தேடுவதை விட்டுவிட்டு வாழத் தொடங்குகிறார். அந்த உலகம் ஏன் வறண்டுகொண்டிருக்கிறது என்பதை அவரே ஒருநாள் கண்டுபிடிக்கிறார்."

ஆய்வுக்கலம் எதற்காக வந்தது என்பது இதில் இல்லை, பாருங்கள். கதையின் முக்கால் பங்கு வரை சொல்லலாம், கதவைத் திறந்துவிட்டு நின்றுவிட வேண்டும்.

ஒரு காட்சியைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுங்கள்

முதல் முறை பார்த்தபோது எழுதிவைத்த அந்த ஒரு வரிக்கு இப்போது வாருங்கள். அவளுக்கு அது சப்பாத்து. ஏன் அழுதாய் என்று கேட்டால், 'ரொம்ப டச்சிங்கா இருந்துச்சு' என்பாள், அதையே தமிழில் 'மனதை உருக்கியது' என்று எழுதினாலும் படிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. உருக்கியது எது என்று காட்ட வேண்டும். யார் எங்கே இருக்கிறார், கையில் என்ன, என்ன சொன்னார், அதற்கு முன்னால் இதே பொருள் எப்போது வந்தது. அவளைப் பேச விட்டு நான் எழுதிக்கொண்டேன், பிறகு அவளே அதைத் திருத்திப் பத்தியாக்கினாள்:

"கணவன் சப்பாத்தைக் கண்ட இடத்தில் கழற்றிப் போடுவது எலீனுக்குப் பிடிக்காது. எந்த வீட்டிலும் நடக்கிற சண்டை, நம் வாசலில் தினமும் நடக்கிறது. வருடங்கள் ஓடுகின்றன, இருவருக்கும் முடி நரைக்கிறது. அவள் சாகப்போகிறாள். கிரகம் அழியப்போவது அவனுக்குத் தெரியும், நட்சத்திரங்களுக்கு நடுவில் வாழ்ந்த ஆள் அவன், அவளிடம் சொல்ல எத்தனையோ இருக்கும். அவள் கடைசியாகச் சொல்வது, சப்பாத்தை எடுத்து வைக்க மறந்துவிடாதே என்பதுதான்."

இதில் 'அருமை', 'அற்புதம்' ஒன்றுகூட இல்லை. தேவைப்படவும் இல்லை. வீவக அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த யாருக்கும், தாழ்வாரத்தில் சப்பாத்து அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி எப்போதும் குறுக்கே கிடப்பதும் அதற்கு அம்மா சத்தம் போடுவதும் கண்ணுக்குள் வந்துவிடும். 'நம் வாசலில் தினமும் நடக்கிறது' என்று அவளாகச் சேர்த்த அந்த அரை வரியை நான் தொடவே இல்லை.

நடிகர், தயாரிப்பு பற்றிய தகவல்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். எழுதியவர் பெயரையும் இயக்கியவர் பெயரையும் கட்டாயம் போடுங்கள், அது மரியாதை. இங்கே கதை மோர்கன் ஜெண்டல், அவரோடு பீட்டர் ஆலன் ஃபீல்ட்ஸ் சேர்ந்து திரைக்கதை எழுதினார், இயக்கம் பீட்டர் லாரிட்சன். மற்ற துணுக்குகளில், ஒரு காட்சியைப் பார்க்கிற விதத்தையே மாற்றுகிறதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காமினின் மகனாக வருகிறவர் பிக்கார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டுவர்ட்டின் சொந்த மகன் டேனியல் என்பது அப்படிப்பட்ட தகவல். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இசையில் இறங்கப்போகிறேன் என்று மகன் அப்பாவிடம் சொல்கிற இடத்தை அதற்குப் பிறகு சாதாரணமாகப் பார்க்க முடியாது.

குறையையும் எழுதுங்கள்

பிடித்த எபிசோடில் குறை சொல்லப் புதியவர்கள் தயங்குகிறார்கள். குறை சொன்னால்தான் நீங்கள் பாராட்டியதை மற்றவர் நம்புவார்கள். அதே வரத்தை வைத்தே தேடுங்கள். அந்த ஆய்வுக்கலத்தை அனுப்பியது அழியப்போகிற அந்தக் கிரகத்து மக்கள்தான் என்று கடைசியில் தெரிகிறது. இப்போதுதான் சின்ன ராக்கெட் விடக் கற்றுக்கொண்டிருக்கிற அவர்கள், ஆயிரம் வருடம் கழித்து வரப்போகிற, தாங்கள் கண்டே இராத ஓர் இனத்து மனிதனின் மூளைக்குள் ஒரு முழு ஆயுளைச் செலுத்துகிற கருவியை எப்படிச் செய்தார்கள்? எபிசோடு அதற்குப் பதில் தேடவே இல்லை. எனக்கு இது உண்மையான ஓட்டை. மனம் அதை மன்னித்துவிடுகிறது, ஆனாலும் அது ஓட்டைதான். அப்புறம், விண்கலத்தில் மருத்துவரும் மற்றவர்களும் அவரைச் சுற்றி நின்று பதறுகிற காட்சிகள், கிராமத்துக் காட்சிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் மெலிந்து தெரிகின்றன. இன்னொன்று, ஒரு ஆயுளை வாழ்ந்து முடித்து, மனைவியை இழந்து, பேரனைத் தூக்கி வளர்த்த மனிதர் அடுத்த எபிசோடில் ஒன்றும் நடக்காதது போல நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஆறாம் சீசனில் 'லெஸன்ஸ்' என்ற எபிசோடில்தான் அந்த ஆயுளில் அவர் வாசிக்கக் கற்றுக்கொண்ட புல்லாங்குழல் மறுபடி ஒழுங்காக வெளியே வருகிறது.

தமிழில் எழுதும்போது

சிங்கப்பூரில் நாம் ஆங்கிலத்தில் பார்க்கிறோம், ஆங்கிலத்திலேயே நண்பர்களோடு பேசுகிறோம், எழுதும்போது மட்டும் தமிழுக்கு வருகிறோம். அதனால் வாக்கியம் தமிழ் எழுத்தில் இருந்தாலும் உள்ளே ஆங்கிலமாகவே இருக்கும். எழுதுவதற்கு முன்னால் அந்த எபிசோடைப் பற்றித் தமிழில் யாரிடமாவது ஐந்து நிமிடம் வாயால் சொல்லிவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பெயர்களுக்கு ஒரே எழுத்துக்கூட்டலைக் கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள். கலைச்சொல்லுக்காக ராத்திரி முழுக்கத் தவிக்க வேண்டாம், வழக்கில் சொல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒலியை அப்படியே எழுதுங்கள். விண்கலத்துக்குள் அவர்கள் தளத்துக்குத் தளம் போகிற அந்தப் பெட்டிக்கு என்ன எழுதுவது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். நம் புளோக்கில் தினமும் ஏறி இறங்குகிறோமே, மின்தூக்கி, அதுவே போதும்.

ஆனால் வசனத்தைத் தமிழில் சொல்லும்போது நிஜமாகவே யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல். நமக்கு நீயா, நீங்களா? கண் விழித்ததும் பிக்கார்ட் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் பேசுகிறார், 'நீங்கள்' என்றுதான் வரும். அவளுக்கு அவர் கணவன். தாத்தா பாட்டி காலத்து வழக்கப்படி அவள் 'நீங்கள்' என்பாளா, இன்றைக்கு இங்கே பல வீடுகளில் பேசுவது போல 'நீ' என்பாளா? நானும் அக்கா மகளும் இதற்கு மட்டும் அரை மணி நேரம் பேசினோம். கடைசியில் எங்களுக்குப் பட்டது இது. குழந்தைக்கு ஓர் அறை கட்டலாமா என்று அவர் எலீனிடம் கேட்கிற காட்சி வரை அவர் வாயில் 'நீங்கள்', அந்தக் காட்சியிலிருந்து 'நீ'. கப்பலைத் தேடுவதை அவர் விட்டது அங்கேதான். ஆங்கில விமர்சனத்தில் ஒரு பத்தி விளக்கிச் சொல்ல வேண்டியதை நாம் ஓர் எழுத்தில் காட்டிவிடலாம். அக்கா மகள் எழுதியதில், கதைச்சுருக்கத்தில் எலீன் 'நீங்கள்' என்றாள், கடைசி வசனத்தில் 'மறந்துவிடாதே' என்றாள். வேண்டுமென்றே செய்ததா என்று கேட்டேன். இல்லை, தானாக வந்தது என்றாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஸ்பாய்லர்

அமெரிக்க மேற்குக் கரையில் நள்ளிரவுக்கு வெளியாகிற எபிசோடு நமக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு வரும், அவர்களுக்குக் குளிர்காலம் என்றால் நான்கு மணி. எல்லாரும் வேலையிலோ வகுப்பிலோ இருக்கிற நேரம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் பார்க்கலாம் என்று காத்திருக்கிறவரிடம் மாலை ஆறு மணிக்கே முடிவைப் போட்டு உடைக்காதீர்கள். தலைப்பிலும் படத்திலும் முடிவு தெரியக் கூடாது. முடிவைப் பேசியே ஆக வேண்டும் என்றால் முன்னாலேயே ஒரு வரி எச்சரித்துவிட்டுப் பேசுங்கள். முப்பது வருடம் பழைய எபிசோடாக இருந்தாலும் இன்றைக்குத்தான் முதன்முறை பார்க்கிறவர் ஒருவர் இருப்பார்.

அனுப்புவதற்கு முன்னால்

ஒரு ராத்திரி விட்டுவையுங்கள். மறுநாள் சத்தம் போட்டு, அந்த எபிசோடைப் பார்த்தே இராத ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள், எங்கே கவனம் கலைகிறதோ அங்கே வெட்டுங்கள், எங்கே குறுக்கே கேள்வி கேட்கிறாரோ அங்கே ஒரு வரி சேருங்கள்.

அக்கா மகள் என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். அம்மா விண்வெளித் தொடர் எதையும் பார்த்ததில்லை, கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். ஆய்வுக்கலம், கதிர், இருபத்தைந்து நிமிடம் எல்லாவற்றையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், எலீன் சாகிற பத்தி முடிந்ததும் கையை நிறுத்தினார்.

"அவன் என்ன சொன்னான்? எடுத்து வைக்கிறேன்னு சொன்னானா இல்லியா?"

எழுதவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அதை விட்டுவிட்டோம். அவள் பேனாவை எடுத்து அந்தப் பத்தியின் கடைசியில் சேர்த்தாள்: "எடுத்து வைக்கிறேன் என்று அவன் சத்தியம் செய்கிறான்."